எண்ணூர் வண்டியில் வெள்ளை ஃபில்டர்

1. பாலத்தில் புகை

இழுவையைக் கூட்டும் சிப் மாட்டிய அன்றைக்கே, மணலிப் பக்கத்து மேம்பாலத்தில் மீன் வண்டி கரும்புகை கக்கியது. ஓட்டியவர் தேசம்மா. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், சிப் மாட்டிய நான். பின்னால் வந்த கண்டெய்னர் லாரிக்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவேயில்லை.

"இன்னா பாய், முன்னயாவது ஊர்ந்துகினு போச்சு. இப்ப அதுவும் போச்சு. கூட புகை வேற," என்றார் தேசம்மா.

முப்பது வருஷமாகத் திருவொற்றியூரில் வண்டி எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். டீசல் வண்டிக்குள் கம்ப்யூட்டர் வந்தபோது, கூட வேலை பார்த்தவர்கள் பலர் நமக்கு எதற்கு வம்பு என்று ஒதுங்கிக்கொண்டார்கள். நான் ஒதுங்கவில்லை. சென்சார், ஒயரிங் என்றால் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை என் பெயரைத்தான் சொல்வார்கள். அதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமும் இல்லை. அப்படிப்பட்டவன் மாட்டிய சிப்தான் அன்றைக்குப் பாலத்தின் மேல் புகையாக வந்தது.

2. கேன்டீன் மாஸ்டரின் கை

தேசம்மா எண்ணூர் நெட்டுக்குப்பத்துக்காரர். மீன் வியாபாரம். பதினாலு வருஷப் பழைய பிக்கப்பை அவரே ஓட்டுவார். வாரத்தில் மூன்று நாள் புழல் பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனுக்கு மீன் போடுகிறார். அங்கே இருக்கிற மாஸ்டர் மீனைப் பார்க்கும் முன்பே பெட்டிக்குள் கையை விடுவார். ஐஸ் பட்டால் இறக்கச் சொல்வார். தண்ணீர் பட்டால் திருப்பி அனுப்பிவிடுவார். இரண்டு முறை பெட்டிகள் அப்படியே திரும்பி வந்துவிட்டன.

"மூணாவது தபா தண்ணியா வந்தா வேற ஆளப் பாத்துக்குறேன்னுட்டான் பாய். அத வுட்டா எனக்கு நெலையா வாங்குறவங்க யாரும் இல்ல. மீனு நல்ல மீனு. வண்டிதான் பேஜாரு பண்ணுது."

லோடு ஏற்றினால் வண்டி அந்த மணலிப் பாலத்தில் ஃபர்ஸ்ட் கியரில்தான் ஏறும். ஏறி முடிப்பதற்குள் சூடாகிவிடும். ஓரம் கட்டி அரை மணி நேரம் ஆறவிட வேண்டும். அந்த அரை மணியில்தான் ஐஸ் உருகியது. இழுவை கூடட்டும் என்று அவருடைய மருமகன் சிப் வாங்கிக் கொடுத்திருந்தார்.

சிப் என்பது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டப்பா. டீசல் குழாயில் எவ்வளவு பிரஷர் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல ஒரு சென்சார் உண்டு. அந்த இரண்டுக்கும் நடுவில் இதை மாட்ட வேண்டும். பிரஷர் குறைச்சல் என்று சிப் பொய் சொல்லும். கம்ப்யூட்டர் அதை நம்பிக் கூடுதல் டீசல் விடும். எவ்வளவு பொய் சொல்ல வேண்டும் என்பதற்கு ஒரு திருகு, ஒன்றிலிருந்து ஐந்து வரை.

மீன் வண்டியில் ஒயர் இழுப்பது தனி வேலை. உப்புத் தண்ணீர் எந்தச் சந்திலும் இறங்கும். சிப்பை உயரத்தில் கட்டினேன். ஒயரைக் கீழே ஒரு வளைவு விட்டு மேலே ஏற்றினேன். வழிந்து வரும் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும், சாக்கெட் வரை போகாது. சாக்கெட் முழுக்க கிரீஸ் அடைத்தேன். என் வேலையைப் பார்த்து எனக்கே திருப்தி.

அதற்கு முன்னால், பழக்கப்படி ஏர் ஃபில்டரையும் திறந்து பார்த்திருந்தேன். புதுசு மாதிரி வெள்ளையாக இருந்தது. "சோக்கா வச்சிகினு கீறயே யக்கா," என்று பாராட்டினேன். எப்போது மாற்றினாய் என்று மட்டும் கேட்கவில்லை.

3. கூனி வலை

பாலத்தை விட்டு இறங்கியதும் ஓரம் கட்டி பானட்டைத் திறந்தோம். ஒயரிங்கில் குறை இல்லை. கரும்புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று போகவில்லை என்று அர்த்தம். மறுபடி ஃபில்டரைக் கழற்றினேன்.

"இது எப்பக்கா மாத்துன?"

"போன ஆடி மாசம்."

எனக்குச் சுருக்கென்றது. எண்ணூரில் காலையில் துடைத்த பைக் சீட்டில் சாயங்காலம் அனல்மின் நிலையச் சாம்பலில் பேர் எழுதலாம். அங்கே வருஷம் நெருங்கிய ஃபில்டர் வெள்ளையாக இருக்கிறதென்றால், காற்று அதுவரை வந்து சேரவே இல்லை. ஹெட்லைட்டுக்குப் பின்னால், காற்று இழுக்கும் குழாயின் வாயில் கையை விட்டுத் தடவினேன். காய்ந்த சிமென்ட் மாதிரி ஏதோ தட்டுப்பட்டது.

"இங்க இன்னா வச்சிகினு கீற?"

"வலை பாய். கூனி இறால் புடிக்கிற வலை, கண்ணு ரொம்பச் சின்னதா இருக்கும். சாம்பல் உள்ள பூந்துடக் கூடாதுன்னு நாலா மடிச்சு நான்தான் கட்டினேன்."

அந்த நாலு மடிப்பிலும் சாம்பலும் உப்பு ஈரமும் சேர்ந்து இறுகிப் போயிருந்தது. எனக்கு வந்த கோபத்தில், "மூக்கப் பொத்திட்டு ஓடுன்னா எப்டிக்கா ஓடும்?" என்று கத்திவிட்டேன்.

தேசம்மா பானட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு, "தெனம் இத்தத் திட்டிகினு இருந்தேனே பாய். கெடுத்தது நானா?" என்றார்.

கத்தியதற்கு வெட்கப்பட்டேன். எஞ்சின் நன்றாக இருக்கட்டும் என்றுதான் அவர் வலை கட்டினார். முப்பது வருஷம் இந்தச் சாம்பலைத் தின்று வளர்ந்த நான் வெள்ளை ஃபில்டரைப் பார்த்து ஏமாந்தேன். "உன் மேல தப்பு இல்லக்கா. சோக்கா கீதுன்னவன் நான்தான்," என்றேன். வலையை அறுக்கக் கத்தி எடுத்தேன். "கத்தி எதுக்கு, என் முடிச்சு," என்று இரண்டு விரலால் சொடக்குப் போடுகிற நேரத்தில் அவிழ்த்தார்.

4. இரண்டாம் நம்பர்

என் ஷெட்டுக்குத் திரும்பிக் குழாய்களைக் கழுவினேன். முதலில் சிப்பைக் கழற்றிவிட்டு, பெட்டிகளில் தண்ணீர் நிரப்பி, முழு லோடோடு அதே பாலத்துக்குப் போனோம். செகண்ட் கியரில் ஏறியது. பிறகு சிப்பை மாட்டி இரண்டாம் நம்பரில் வைத்தேன். தேர்ட் கியரில் ஏறியது. புகை இல்லை, சூடும் இல்லை.

"அஞ்சு வரிக்கும் கீதே பாய்?" தேசம்மாவுக்கு ஆசை வந்துவிட்டது.

"அஞ்சுல வச்சா மொதல்ல கிளட்ச் போவும், அப்பால எஞ்சின் போவும். வயசான வண்டிக்கா. ரெண்டு போதும்." சொன்ன கையோடு திருகில் பசையை ஊற்றி அடைத்துவிட்டேன். வலையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஃபில்டரை மாற்றச் சொன்னேன்.

அடுத்த லோடு போன காலையில் எனக்கு வேலை ஓடவில்லை. போனைக் கையிலேயே வைத்திருந்தேன். எட்டு மணிக்கு அடித்தது.

"பாய், மாஸ்டரு பொட்டில கைய வுட்டான். வெடுக்குன்னு எடுத்துட்டான். வெறைக்குதாம் அவனுக்கு." சிரிப்பில் அவருக்கு மேலே பேச வரவில்லை. எனக்கும்தான்.

இப்போது சிப் கேட்டு யார் வந்தாலும், முதலில் காற்றுக் குழாயின் வாயில் கையை விடுகிறேன். ஃபில்டர் கறுப்பாக இருந்தால் மாற்றச் சொல்கிறேன். வெள்ளையாக இருந்தால், எப்போது மாற்றியது என்று தெரியாமல் வண்டியை ஷெட்டை விட்டு நகர விடுவதில்லை. தேசம்மாவின் பெட்டிகள் மூன்றாவது முறை திரும்பி வரவேயில்லை.