கொள்ளு விரித்த சாலை

பொன்னமராவதியிலிருந்து பிரான்மலைப் பக்கம் போகும் இந்தச் சாலையில் அரை மணி நேரமாக ஒரு வண்டிகூட எதிர்ப்படவில்லை. மலையைப் பார்த்தபடி சைக்கிள் மிதிக்க இதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்!

ஒரு வளைவு தாண்டியதும் சாலை முழுக்கக் கொள்ளுச் செடியைக் காயப் போட்டிருக்கிறார்கள். யாருடைய விளைச்சலோ, மிதித்துக் கெடுக்கக் கூடாது என்று இறங்கி, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓரமாக நடக்கிறேன். புளியமரத்தடியில் காவலுக்கு உட்கார்ந்திருந்த பெண் எழுந்து வருகிறார்.

"எதுக்குங்க தூக்கிட்டுப் போறீங்க? மேல ஏத்தி ஓட்டுங்க. வண்டி ஏறுனாத்தானே கொள்ளு உதிரும்."

"அப்படியா? ரோடு அமைதியா இருக்குன்னு நான் சந்தோஷமா வந்தேன்."

"ஒங்களுக்கு அமைதி. காலையில ரெண்டு பைக்கு போனதோட சரி. பஸ்ஸையும் காணோம். அங்கிட்டுப் பாருங்க."

மலை உச்சியிலிருந்து மேகம் கறுத்து இறங்குகிறது. நனைந்தால் அத்தனையும் பாழ்.

சைக்கிளில் ஏறிக் கொள்ளின் மேல் போவதும் வருவதுமாக ஓட்டுகிறேன். சக்கரத்தடியில் நெற்றுகள் படபடவென்று வெடிக்கின்றன. அவர் குனிந்து செடியைப் புரட்டிப் பார்க்கிறார். பிறகு இரண்டு விரல் அகலமே உள்ள என் டயரைப் பார்த்துச் சிரிக்கிறார்.

"நல்லாத்தான் ஓட்டுறீங்க. வெயிட்டுதான் பத்தலை."

தூரத்தில் ஹாரன் சத்தம். டவுன் பஸ் வருகிறது. பஸ் சத்தம் கேட்டாலே முகம் சுளிக்கும் நான், சாலையோரம் நின்று இரண்டு கையையும் ஆட்டி, "இப்படியே நடுவுல வாங்க!" என்று கத்துகிறேன்.