சாரல் காலத்தில் நிலைக்காத முள்

குற்றாலத்தில் சீசன் வந்தால் ஊருக்கே கொண்டாட்டம். எங்கள் மண் பரிசோதனைக் கூடத்து பி.எச். மீட்டருக்கு மட்டும் அது ஆகாத காலம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் அது புதுக் கருவி. மரப்பெட்டிக்குள் ரேடியோவில் இருப்பது போன்ற வால்வுகளும் பேட்டரிகளும். முன்புறம் ஒரு முள். மண் கரைத்த நீரில் கண்ணாடி மின்முனையை அமிழ்த்தினால், மண்ணின் புளிப்பை முள் காட்டும். ரசாயனம் படித்துவிட்டு வந்த எனக்கு அதைக் கவனிப்பதுதான் வேலை.

அன்று அச்சன்புதூரிலிருந்து ஒரு விவசாயி வந்திருந்தார். முந்தைய கார் சாகுபடியில் அவர் வயலில் பயிர் மஞ்சளித்துப் போயிருந்தது. மண் புளித்துவிட்டது, சுண்ணாம்பு போடு என்று ஊரில் சொன்னார்களாம். தேவையில்லாத மண்ணில் போட்டால் பயிர் இன்னும் கெடும்.

"நாத்து முத்திட்டு வருதும்மா. போடணுமா, வேண்டாமா? இன்னைக்குச் சொல்லிருங்க."

சொல்ல முடியவில்லை. முள் முதலில் 'போடு' என்கிற இடத்தில் நின்றது. நான் எழுதுவதற்குள் 'வேண்டாம்' என்கிற பக்கம் மெல்ல நகர்ந்தது.

"என்னம்மா, தேரு மாதிரி அசைஞ்சு அசைஞ்சு போவுது?" என்றார்.

அளவு முன்பே தெரிந்த கரைசல் ஒன்று எங்களிடம் உண்டு. அதில் வைத்தேன். அதிலும் முள் நிற்கவில்லை. ஆகவே மண்ணின் மேல் குற்றமில்லை. பேட்டரி புதிது. வால்வுகள் சூடேற வேண்டிய நேரம் கொடுத்தாயிற்று. மின்முனை இரவெல்லாம் தண்ணீரில் ஊறியிருந்தது. மிச்சம் ஈரம் ஒன்றுதான். ஜன்னல்களைச் சாத்திவிட்டு, மின்முனையின் கம்பி சேரும் இடத்தில் மின்சாரம் கசியாமல் காக்கும் எபோனைட் வில்லையை வெள்ளைத் துணியால் துடைத்தேன். துணி கறுத்தது. குனிந்தால் சாம்பிராணி மணம்.

கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த அக்காவைக் கூப்பிட்டேன். அவரும் அச்சன்புதூரில் பிறந்தவர். விவசாயிக்கு ஊர் முறையில் தங்கை.

"அக்கா, இந்தப் பெட்டிக்குப் புகை போட்டீங்களா?"

"ஆமாம்மா. ஈரம் கோத்துக் கிடந்துச்சு. பிள்ளைக தலையை உணத்துத மாதிரி, மூடியைத் திறந்து நல்லாக் காட்டினேன்."

விவசாயிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஏட்டி, எண்ணெய் தேச்சு அருவியில குளிப்பாட்டினியா, இல்ல வெறும் புகைதானா?"

"போங்க அண்ணாச்சி! ஈரத்துல கிடந்தா அதுக்குச் சளி பிடிக்காதா?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஈரத்தை விரட்ட வேண்டும் என்று அக்கா நினைத்தது சரிதான். ஆனால் கண்ணாடி மின்முனையிலிருந்து வரும் மின்சாரம் மிகச் சொற்பம். புகைக்கரி படிந்து, அதன் மேல் சாரலின் ஈரமும் சேர்ந்தால், அந்தச் சொற்பமும் வழியிலேயே கசிந்துவிடும்.

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் வில்லையைத் துடைத்தேன், பஞ்சு வெளுப்பாக வரும்வரை. பிறகு இஸ்திரிப் பெட்டியில் சூடாக்கிய துணியால் ஒற்றி எடுத்தேன். இனி அதை விரலால் தொடக்கூடாது. மறுபடியும் தெரிந்த கரைசல். முள் ஏறி, உரிய இடத்தில் நின்றது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது அசையவே இல்லை. எனக்கு அதுவே போதும் என்றிருந்தது.

அவருடைய மண்ணை வைத்தேன்.

"புளிப்பு இல்ல அண்ணாச்சி. சுண்ணாம்பு வேண்டாம்."

"இன்னொரு தடவை பாருங்கம்மா."

புதிதாகக் கரைத்துப் பார்த்தேன். அதே இடம்.

"அப்ப ஏன் மஞ்சளிச்சுது?"

"அதை இந்த முள் சொல்லாது. வயல்ல தண்ணி வடியுதா?"

"மேக்கு மூலையில கட்டித்தான் கிடக்கும்" என்றார் மெதுவாக. "வாய்க்காலை வெட்டி விட்டுட்டு நாளைக்கே நட்டுருதேன்."

நான் முடிவை எழுதிக் கொடுப்பதற்குள் அவர் படியிறங்கிச் சாரலில் நடந்துகொண்டிருந்தார்.