கசப்பு மரச்சீனி

மழை பொய்த்த அந்த வருஷம் எங்களுக்குக் கிடைத்தது கசப்பு மரச்சீனி என்ற மரவள்ளிக் கிழங்கு மட்டும்தான். மூன்று முறை வேகவைத்து, ஒவ்வொரு முறையும் தண்ணீரை வடித்துக் கொட்டினால்தான் அதன் விஷம் போகும். பேச்சிப்பாறைப் பக்கம் வேலை தேடிப் போன கணவரிடமிருந்து இரண்டு மாதமாகத் தகவல் இல்லை. மிஷன் பங்களாவுக்கு நான் பின்னிக் கொடுத்த ரேந்தை லேஸின் கூலியால்தான் அடுப்பு எரிந்தது.

அன்று முதல் தண்ணீரை வடித்த கிழங்கைச் சுளகில் வைத்துவிட்டு, அடுத்த தண்ணீர் கொதிக்கும் வரை ரேந்தை பின்ன உட்கார்ந்தேன். கண் நூலில் இருந்தது. மூன்று வயது மகள் சுளகில் கைவைத்ததை நான் பார்க்கவில்லை.

சற்று நேரத்தில் வாந்தியெடுத்து என் மடியில் துவண்டாள். பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்தாள்.

"ஏட்டி, முத வெள்ளம் வடிச்சதையா குடுத்தே?"

"நான் குடுக்கல்லக்கா. பசியில அவளே எடுத்துத் தின்னுட்டா."

இருவரும் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வழியெல்லாம் கூப்பிட்டும் அவள் கண் திறக்கவில்லை. டாக்டர் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்.

சாயங்காலம் கண் விழித்தவள், "அம்மா, பசிக்கு" என்றாள்.

மறுநாளும் வீட்டில் அதே கிழங்குதான் இருந்தது. அவளை இடுப்போடு துணியால் கட்டிக்கொண்டு வேகவைத்தேன்.