மாடி வீட்டுக்கு என் பூட்டு

தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. சொந்த ஊர் மல்லிப்பட்டினம். அப்பா படகு வைத்திருக்கிறார், அம்மா மீன் வியாபாரம் செய்கிறாள். கல்யாணம் வேண்டாம் என்று நான் சொன்னது முதலில் வீட்டில் பெரிய சண்டையாக இருந்தது. பிறகு யாரும் அதைப் பேசுவதில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பெண்கள் விடுதியில்தான் இருந்தேன். நாற்பதை நெருங்கும்போது, குளிக்க வாளியோடு வரிசையில் நின்ற ஒரு காலையில், இனி முடியாது என்று தோன்றியது. எனக்கென்று ஒரு கதவு வேண்டும், அதைச் சாத்தினால் உள்ளே நான் மட்டும் இருக்கவேண்டும். கேட்டது அவ்வளவுதான்.

தஞ்சாவூர் இப்போது மலிவான ஊர் இல்லை. மருத்துவக் கல்லூரிச் சாலைப் பக்கம் நான்கு மாணவர்கள் சேர்ந்து ஒரு வீட்டை எடுத்துத் தலைக்கு இவ்வளவு என்று கொடுக்கிறார்கள். நான்கு தலை தருவதை ஒரு தலை எப்படித் தருவது? அப்படியே வாடகை ஒத்துவந்தாலும் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்.

“வீட்ல எத்தனை பேரு?”

“நான் ஒருத்திதான்.”

“ஃபேமிலி?”

“ஊர்ல இருக்காங்க.”

“எந்த ஊரு?”

ஊரைச் சொன்னதும் ஒரு வீட்டம்மா மூக்கைச் சுருக்கி, “கவுச்சி சமைக்கிறவங்களுக்கு விடுறதில்லம்மா” என்றார். நான் சமைப்பேனா என்று அவர் கேட்கவே இல்லை. இன்னொருவர் மாதம் ஒருமுறை என் அப்பா வந்து முகம் காட்டிவிட்டுப் போனால் பரவாயில்லை என்றார். அப்பாவைக் காட்டி வாடகைக்கு வீடு எடுக்க எனக்கு என்ன பத்து வயதா?

தரகர் நல்லவர். என் அலைச்சலைப் பார்த்துவிட்டு ஒரு யோசனை சொன்னார். “ஹஸ்பண்ட் சிங்கப்பூர்ல இருக்காருன்னு சொல்லிடுங்க மேடம். இங்க பாதி வீட்டு ஆம்பளைங்க அங்கதான இருக்காங்க? யாரும் தோண்டிக் கேக்க மாட்டாங்க.”

“இல்லாத ஆளுக்கு நான் எத்தனை மாசம் போன் பேசுறதுங்க? தனியா இருக்கேன்னு சொல்லுங்க. அதுக்கு விடுறவங்க வீடு இருந்தா மட்டும் காட்டுங்க.”

அவர் சிரித்தார். ஆனால் அதன்பிறகு அப்படியே சொன்னார்.

நாஞ்சிக்கோட்டை சாலையில் உள்ளே தள்ளி, ஒரு மாடி வீடு கிடைத்தது. ஒரு அறை, சமையலறை, வெளிப்பக்கமாகப் படி. மேற்குச் சுவர் மதியத்தில் கொதிக்கும். அதனாலேயே யாரும் எடுக்கவில்லை, அதனாலேயே வாடகையும் எனக்கு எட்டியது. மதியம் நான் மருத்துவமனையில்தான் இருப்பேன், வெயில் சுவரோடு இருந்துவிட்டுப் போகட்டும். கீழே வீட்டுக்காரர். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாபநாசம் பக்கம் குத்தகைக்கு விட்ட நிலத்தைப் பார்க்க அவ்வப்போது போய்வருவார். அவர் மனைவி வாசல் தெளிக்கும்போது மட்டும் கண்ணில் படுவார். தலையசைப்பார், பேசமாட்டார்.

பதினோரு மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, முதல் ராத்திரி வெறும் பாயில் படுத்து, எழுந்து, தாழ்ப்பாளை இன்னொரு முறை தொட்டுப் பார்த்துவிட்டுத் தூங்கினேன்.

சில வாரங்கள்தான். ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது நான் திறந்துவைத்த ஜன்னல் சாத்தியிருந்தது. படியிறங்கிக் கேட்டேன்.

“மழை வர்ற மாதிரி இருந்துச்சும்மா. எங்கிட்ட ஒரு சாவி இருக்குல்ல, அதான் போய் சாத்திட்டு வந்தேன்.”

நன்றி சொல்லிவிட்டு, இனி போன் செய்யுங்கள் என்றேன். அடுத்த முறை, “அரிசிப் பைய இப்படித் திறந்து போட்டா வண்டு வந்துரும்மா” என்று அவராகவே சொன்னார். அதற்கடுத்த முறை நான் கொடியில் காயப்போட்டிருந்த உள்ளாடைகள் மடித்துக் கட்டில்மேல் இருந்தன. அப்படியே கீழே போனேன்.

“அந்தச் சாவியக் குடுத்துருங்க சார்.”

“என்னம்மா பேசுற? வீடு என்னுது.”

“வீடு உங்களுதுதான். வாடகை குடுத்துக் குடியிருக்கிறது நான். நான் இல்லாதப்ப நீங்க உள்ள வரக்கூடாது.”

“தனியா இருக்கிற பொண்ணுன்னு ஒரு அக்கறையில பாத்துக்கிட்டா, பேச்சப் பாரு” என்று உள்ளே போய்விட்டார். சாவியைத் தரவில்லை.

மறுநாள் விடுப்பு எடுத்தேன். ஹார்டுவேர் கடையில் இருந்ததிலேயே கனமான பூட்டாக வாங்கி, ஒரு கார்பெண்டரையும் கையோடு கூட்டிவந்தேன். அவர் பழைய பூட்டைக் கழற்றுகிற சத்தம் கேட்டு வீட்டுக்காரர் படியேறி வந்தார்.

“யாரக் கேட்டுப் பூட்ட மாத்துற?”

“யாரையும் கேக்கலைங்க. பழைய பூட்டு பத்திரமா இருக்கும். போறப்ப அதையே மாட்டிக் குடுத்துட்டுப் போறேன்.”

“இந்த மாசமே காலி பண்ணு.”

“ஒப்பந்தம் முடியட்டும்.”

கார்பெண்டர் யாரையும் பார்க்காமல் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு என் தொட்டிக்குத் தண்ணீர் வரவில்லை. மோட்டார் சுவிட்ச் கீழே அவர் வீட்டில் இருந்தது. கெஞ்சுவேன் என்று நினைத்திருப்பார். நான் மருத்துவமனை வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, இரண்டு குடத்தோடு தெருமுனைக் குழாய்க்குப் போனேன். வேண்டுமென்றேதான் அந்தக் கோட்டு. “என்னம்மா, மாடியில தண்ணி இல்லியா?” என்று கேட்டவர்களிடம், “சார் மோட்டார் போட மாட்டேங்கிறாருங்க” என்று அவர் வாசலில் நின்றே சத்தமாகச் சொன்னேன். தோள் வலித்தது. ஒவ்வொரு படிக்கும் அவரை வைதுகொண்டே ஏறினேன். காலி செய்துவிடலாம் என்று மட்டும் ஒருமுறைகூட நினைக்கவில்லை.

ஒரு காலை, குடத்தை எடுத்துக் கிளம்பும்போது மோட்டார் ஓடியது. தொட்டியில் தண்ணீர் விழுந்தது. எட்டிப் பார்த்தேன். கீழே அவர் மனைவி நின்றிருந்தார். “யாரு போட்டது?” என்று உள்ளிருந்து அதட்டல் வந்தது.

“நான்தான்” என்றார் அந்த அம்மா. மறுநாளும் மோட்டார் ஓடியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் பாபநாசம் கிளம்பிப் போனதும் கதவு தட்டப்பட்டது. அந்த அம்மா நின்றிருந்தார்.

“கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போகவா?”

“வாங்கக்கா.”

உள்ளே வந்து அறையைச் சுற்றிப் பார்த்தார். “கதவச் சாத்திக்கலாமாம்மா?” என்று கேட்டு, அவரே தாழ்ப்பாளைப் போட்டார். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். டீ போட்டுக் கொடுத்தேன். என் வேலையைப் பற்றி, கடலைப் பற்றிக் கேட்டார். தன்னைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “கல்யாணமாகி வந்ததுலேர்ந்து குளிக்கிறப்ப மட்டுந்தான் நான் தாப்பா போட்டிருக்கேன்.”

பேருந்தைத் தவறவிட்டாரோ என்னவோ, வீட்டுக்காரர் சீக்கிரமே திரும்பிவிட்டார். கீழேயிருந்து மனைவியைக் கூப்பிட்டார். இரண்டாவது முறை குரல் உயர்ந்தது. நான் அந்த அம்மாவைப் பார்த்தேன்.

“கூப்புடட்டும்” என்றார். டீயைக் குடித்து முடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று கேட்டார்.

பதினோரு மாதம் முடிந்தபோது, காலி பண்ணச் சொன்ன வீட்டுக்காரரே புது ஒப்பந்தத்தோடு வந்தார். அந்தக் கொதிக்கிற சுவருக்கு வேறு யார் வருவார்கள்? உரிமையாளர் எந்நேரமும் வீட்டைப் பார்வையிடலாம் என்று ஒரு வரி புதிதாகச் சேர்ந்திருந்தது. அவர் முன்னாலேயே அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். முறைத்தார், ஆனால் வாங்கிக்கொண்டார்.