எபியின் கால்

என் தம்பி எபினேசர் பியானோ வாசிக்கிறான் என்று சொன்னால், பென்னலூரில் பாதிப் பேர் "ஆர்மோனியமா?" என்பார்கள். மெட்ராஸ் மிஷன் ஹாஸ்டலில் படித்தபோது சின்ன வயதில் பிடித்த பைத்தியம் அது. படிப்பு முடிந்து ஊருக்கு வந்தும் தெளியவில்லை. எங்கள் சபையில் யாரோ எப்போதோ கொடுத்துவிட்டுப் போன பழைய பியானோ ஒன்று கிடந்தது. அதன்முன் உட்கார்ந்துவிட்டால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிப்பான். கேட்கிற எனக்குத்தான் தலை சுற்றும்.

சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி மெட்ராஸ் போய், பியானோ கற்றுக்கொடுக்கும் மிஸ்ஸிடம் திட்டு வாங்கிக்கொண்டு வருவான். தொண்ணூற்றொன்று டிசம்பரில் கடைசிப் பரீட்சை. லண்டனிலிருந்து ஒருவர் வந்து கேட்பார். தேறிவிட்டால் மெட்ராஸில் ஒரு பள்ளிக்கூடத்தில் பியானோ வாத்தியார் வேலை.

அதுவரை வயிறு சும்மா இருக்குமா? அப்பா அம்மா இல்லாத வீடு. பக்கத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் தகடு வெட்டும் பிரஸ் ஓட்டப் போனான். தகட்டை வைக்க வேண்டும், கையை எடுக்க வேண்டும், பிறகு கீழே இருக்கும் பெடலை மிதிக்க வேண்டும். மேலிருந்து இரும்பு இறங்கித் தகட்டை வெட்டும். பத்து விரலும் வேண்டியவனுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்! மே மாதம் பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததிலிருந்து டமார் என்று எது கேட்டாலும் வாசலுக்கு ஓடுவேன். அவன் இருந்த இடத்திலோ நாள் முழுக்க டமார் டமார்தான். ஷிப்ட் முடிந்து அவன் வந்ததும் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கையைத்தான் பார்ப்பேன்.

ஆகஸ்டில் பக்கத்து மிஷின் கோதண்டம், கை உள்ளே இருக்கும்போதே பெடலை மிதித்துவிட்டான். இரண்டு விரல் போய்விட்டது. எபி கண்ணெதிரே நடந்தது.

அன்று சாயங்காலம் சபையில் பரீட்சைக்கான மெதுவான பாட்டை எடுத்தான். பியானோவுக்கும் கீழே பெடல் உண்டு. கை கட்டையில் இருக்கும்போதே காலை அழுத்தினால்தான் நாதம் அறுபடாமல் நீளும். எபி காலை அழுத்தினான். இரண்டு கையும் நெருப்பைத் தொட்டதுபோல மார்புக்குத் துள்ளின. மறுபடி அழுத்தினான். மறுபடியும் துள்ளின.

"அக்கா, கை நிக்க மாட்டேங்குது," என்று அழுதான். எனக்கும் அழுகைதான் வந்தது.

நவம்பரில் சம்பளமில்லாத லீவு போட்டான். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவன் மணிக்கட்டுகளைக் கட்டையோடு அழுத்திப் பிடித்துக்கொள்வேன். அவன் பெடலை மிதிப்பான். சாப்பிடும்போது, பஸ்ஸில் போகும்போது, எப்போதும் இதே பயிற்சி. கொஞ்சம் கொஞ்சமாகக் கை அடங்கியது. பரீட்சையன்று கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். அந்த மெதுவான பாட்டு ஓரிடத்திலும் அறுபடவில்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லி வாய்விட்டு அழுதேன்.

ரிசல்ட் வர இரண்டு மாதமாகும். லீவு முடிந்து, திங்கட்கிழமை காலை எபி காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு மேஜைமுன் உட்கார்ந்தான். பழைய சோற்றைப் போட்டு வைத்தேன். பாட்டு நினைப்பிலேயே இருந்தான். தட்டுக்கு இருபுறமும் விரல்கள் விரிந்திருந்தன, கீழே கால் தரையை மிதித்தது. விரல்கள் அசையவே இல்லை.

இன்னும் கொஞ்ச நேரத்தில் இவன் பிரஸ் முன் இருப்பான்.

"டேய் எபி, தட்ட பிரஸ்ஸுன்னு நெனச்சிக்கோ. கைய அதுமேல வையி. இப்ப காலால மிதி."

"இன்னாக்கா வெளையாட்டு? வேன் வந்துடும்."

"மிதிடா!"

மிதித்தான். கை தட்டின் மேலேயே இருந்தது.

சிரித்துக்கொண்டே, கையை எடுத்துவிட்டு மிதிக்கப் பார்த்தான். முதல் தடவை எடுத்தான். இரண்டாம் தடவையும் எடுத்தான். மூன்றாம் தடவை கால் முந்திக்கொண்டது. சிரிப்பு நின்றது. நாலாம் தடவையும் கால்தான் முந்தியது.

ரோட்டில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. நான் அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். மறுபடி ஹாரன்.

"போவலக்கா," என்றான்.

வேன் போய்விட்டது. இரண்டு மாதம் கஞ்சியில் ஓடியது. ரிசல்ட் வந்தது, வேலையும் வந்தது. இப்போதெல்லாம் அவன் வாசித்தால் பெரிய மனிதர்கள் வந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார்கள். நான் கண்ணை மூடுவதில்லை. கால் பெடலுக்குப் போகும்போதெல்லாம், மேலிருந்து ஏதாவது இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.