மொட்டை மாடியில் ஏற்றிய நட்சத்திரம்

எங்கள் ஏலாக்குறிச்சிப் பக்கம் கிறிஸ்துமஸுக்கு நீண்ட மூங்கிலின் உச்சியில் காகித நட்சத்திரம் கட்டி, உள்ளே விளக்குப் போடுவோம். எவர் வீட்டு நட்சத்திரம் உயரமோ, அவருக்குத்தான் பெருமை.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்து, சென்னையில் வேலைக்கு வந்தவள் நான். சென்ற ஆண்டு பண்டிகைக்கு லீவு கிடைக்கவில்லை. விமான நிலையத்துக்கு அருகில், பல மாடிக் கட்டடத்தில் நான் தங்கியிருக்கும் பெண்கள் விடுதியில் எல்லோரும் ஊருக்குப் போயிருந்தார்கள். நான் மட்டும் மொட்டை மாடியில் மூங்கிலைக் கட்டி, சிவப்பு நட்சத்திரத்தை ஏற்றினேன்.

மறுநாள் மாலை வார்டனோடு விமான நிலைய அதிகாரி ஒருவர் படியேறி வந்தார்.

"விமானம் இறங்குற பாதைன்னு இந்தக் கட்டடத்துக்கே உயரம் அளந்து குடுத்திருக்கோம். அதுக்கு மேல கம்பம் நட்டு, சிவப்பு விளக்கு வேறயா?"

"எங்க ஊர்ல இப்படித்தாங்க சார் கட்டுவோம்."

"உங்க ஊர்ல அதப் பாத்து விருந்தாளி வருவாங்க. இங்க விமானம் வந்துரும்மா!"

வார்டன் சிரிக்கவில்லை. "நாளைக்கே ரூமைக் காலி பண்ணு" என்றார். எனக்குப் போக வேறு இடமில்லை. அழுதுகொண்டே கயிற்றை அவிழ்த்தேன். அதிகாரிதான் மூங்கிலைத் தாங்கிப் பிடித்தார். "தெரியாம செஞ்ச பொண்ணு, விடுங்க மேடம்" என்று அவர் சொன்னதால் தப்பினேன்.

இப்போது மாடியில் துணி காயப்போடக் கொடி கட்டுவதென்றாலும் வார்டனைக் கேட்டுவிட்டுத்தான் கட்டுகிறேன். நட்சத்திரத்தை ஜன்னலுக்குள் தொங்கவிடுகிறேன்.

"நட்சத்திரம் நல்லாத்தான் செஞ்சிருக்கம்மா" என்று அன்று படியிறங்கும்போது அதிகாரி சொன்னார். அந்தப் பண்டிகையில் என் நட்சத்திரத்தைப் பார்த்து நல்லதாய் ஒரு வார்த்தை சொன்னவர் அவர் ஒருவர்தான்.