பெயில் ஐயாவின் பாஸ்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் பஸ்ஸுக்கு நின்றபோது செய்தி வந்தது. அந்தக் காலத்தில் கண்டியில் லைசன்ஸ் சோதனை நடத்திய துரைசிங்கம் ஐயா, தொண்ணூறைத் தாண்டி, தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டாராம். சொன்னவர் என்னைப் போல ஒரு பழைய டிரைவர். "பெயில் ஐயா போயிட்டாருப்பா. மொத தடவையிலயே பாஸ்" என்றார். எங்கள் ஆட்களிடையே ஐயாவுக்குப் பெயில் ஐயா என்றுதான் பெயர்.

செத்த வீட்டில் அவருடைய நேர்மையைப் பற்றிப் பேசினார்களாம். கை நீட்டாத மனிதர் என்றார்களாம். உண்மைதான், ஒருவரிடமும் ஒரு சதம் வாங்கியதில்லை. வாங்கியிருந்தால் அவர் செய்ததற்கு ஒரு காரணமாவது இருந்திருக்கும். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல மருமகன் எழுதுகிறார். ஐயாவைத் தெரிந்தவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். நான் கிளீனராக இருந்த பஸ்ஸின் டிரைவர் ஊரோடு போய்விட்டார். லைசன்ஸ் எடுத்தால் ஸ்டியரிங் உனக்கு என்றார் முதலாளி ஹாஜியார். முதல் தடவை போனபோது ஐயா சோதனைக் காரில் ஏறவேயில்லை. என் காலைப் பார்த்தார். "சப்பாத்தில்லாமல் என்ன சோதினை? கான்சல்" என்றார். பிறந்ததிலிருந்து வெறுங்காலோடு நடந்தவன் நான். கிளச் எங்கே பிடிக்கிறதென்று உள்ளங்கால்தான் எனக்குச் சொல்லும்.

இரண்டாம் தடவை மைத்துனனின் கல்யாணச் சப்பாத்தில் துணியை அடைத்துப் போட்டுக்கொண்டு போனேன். அம்பிட்டிய ஏற்றத்தின் பாதியில் நிறுத்தி மறுபடி எடுக்கச் சொன்னார். சப்பாத்துக்குள் கால் தடவியது. கார் பின்னால் உருண்டது. "ஏத்தத்தில நிண்டு எடுக்கத் தெரியாதவன் றோட்டுக்கு வரப்படாது" என்றார். இதை வேதவாக்குப் போல எல்லாருக்கும் சொல்வார். எல்லாரும் என்றால் எங்களைப் போன்றவர்கள். துரைமார் பிள்ளைகளை ஏரியைச் சுற்றி ஒரு வட்டம் கூட்டிப்போவார். சமதரையில் பாஸ்.

ஹாஜியார் கூப்பிட்டார். "தம்பி, இந்த முறையும் பெயிலெண்டா ஸ்டியரிங் வேற ஆளுக்குத்தான். பஸ்ஸ சும்மா நிப்பாட்ட ஏலா." வீட்டில் மூத்தவள் கைக்குழந்தை. சப்பாத்தோடு நடந்தேன், சப்பாத்தோடு பஸ் கழுவினேன். மாப்பிள்ளை வாறார் என்று மற்றக் கிளீனர்கள் சிரித்தார்கள். ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பது கடைசியில் கைவந்தது.

மூன்றாம் சோதனையில் அம்பிட்டிய அடிவாரத்துக்கு வந்தபோது மழை பிடித்தது. காரின் கன்வஸ் கூரை ஒழுகி, ஐயாவின் வெள்ளைக் கோட்டில் நாலு துளி விழுந்தது. காரைத் திருப்பித் தன்னை வீட்டில் விடச் சொன்னார். வாசலில் இறங்கும்போது பாஸ் என்றார்.

"ஏத்தத்த பாக்காமலா ஐயா?"

"உமக்குப் பாஸ் வேணுமோ, ஏத்தம் வேணுமோ?"

பாஸ் என்றேன். வேறென்ன சொல்வேன்? குடையை விரித்துக்கொண்டு உள்ளே போனார். என் பிழைப்பை மறித்து நின்ற ஏற்றம் அவருக்கு நாலு துளி மழைக்கும் பெறாது. பெயிலாக்கியபோது அவர்மேல் கோபம் இருந்தது. பாஸாக்கிய பிறகு கோபப்படக்கூட அவரிடம் ஒன்றும் இல்லை.

அவர் நடத்தாமல் விட்ட அந்தச் சோதனை மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. மறுநாள் ஆள் ஏற்றுமுன் வெறும் பஸ்ஸை அம்பிட்டியவுக்குக் கொண்டுபோய், பாதி ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தேன். ஒரு விரற்கடை பின்னால் போகவில்லை. ஓட்டிய காலமெல்லாம் மழைக்காலம் தொடங்கினால் அதை ஒருமுறை செய்து பார்ப்பேன். பக்கத்து இருக்கை காலியாக இருக்கும். சோதனைக் காரில் ஐயா பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதும் அது காலிதான்.